அந்த நெல் என்ன ஆச்சு?

போன வாரம் நான் போய்க்கொண்டிருந்த பஸ் சாய்ந்துவிட்டது.

பயப்படாதீர்கள். கவிழவில்லை. இடது பக்கச் சக்கரங்கள் சாலையோர மண்ணில் புதைந்து, வண்டி வாய்க்கால் பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றுவிட்டது. அவ்வளவுதான். பக்கத்து சீட்டில் இருந்த பாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு "யா அல்லாஹ்" என்றார். பொறையாருக்குப் போகிறவர். மாயவரத்தில் ஏறியதிலிருந்து கூடையிலிருந்த கொய்யாப்பழத்தை என்னைச் சாப்பிட வைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தவர். நான் "ஏசப்பா" என்றேன். பின் சீட்டிலிருந்து "தாயே அபிராமி" என்று ஒரு குரல். யார் காதில் விழுந்ததோ தெரியாது, வண்டி அதற்கு மேல் சாயவில்லை.

எனக்குச் சாய்ந்ததில் பயமில்லை. நின்றதில்தான் பயம்.

உங்களுக்குத்தான் தெரியுமே… என்னால் ஓரிடத்தில் பத்து நிமிஷம் சும்மா உட்கார முடியாது. சிக்னலில் நிற்கும் பஸ்ஸுக்குள்ளேயே நடந்தால் சீக்கிரம் போய்ச் சேரலாமோ என்று யோசிக்கிற ஜாதி நான். அன்றைக்கு அதற்குக் காரணமும் இருந்தது. என் கைப்பையில், மஞ்சள் தடவிய நூலில் கோத்த ஒரு தாலி இருந்தது.

யாருடைய தாலி?

கமலாவுடையது. தஞ்சாவூரில் காலேஜில் ஒரே பெஞ்ச். அன்றிலிருந்து இன்றுவரை விடாமல் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் சிநேகிதி. அவள் வீட்டுக்காரர் சேகருக்கு அறுபது முடிகிறது. திருக்கடையூரில் மணிவிழா. அறுபதாவது வயதில் புருஷன் பெண்டாட்டிக்கு மறுபடியும் தாலி கட்டுவார் அல்லவா? அவர்கள் குடும்பத்தில் அந்த இரண்டாவது தாலி பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்துதான் வரவேண்டுமாம். கமலாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அப்பா அம்மாவும் இல்லை.

"நீ கொண்டு வாடி" என்றாள்.

"நான் சர்ச்சுக்குப் போறவடி."

"பொறந்த வீடு எங்க போனா எனக்கென்ன? தாலி வரணும். அவ்வளவுதான்."

இப்படித்தான் நான் ஒரே போன் காலில் பிறந்த வீடு ஆனேன். முதல் நாளே போய்விடுவதாகத்தான் திட்டம். தஞ்சாவூர் ஆசாரி "இதோ இதோ" என்று இழுத்து, முதல் நாள் சாயங்காலம்தான் தாலியைக் கையில் கொடுத்தார். விடிகாலை பஸ் பிடித்து, கும்பகோணம் வழியாக மாயவரம் வந்து, அங்கே இந்த பஸ்ஸில் ஏறினேன். பதினொன்றரைக்குள் தாலி ஏறியாக வேண்டும். தாராளமாகப் போய்விடலாம் என்று நினைத்தேன். வழியில் ஒரு பாலம் வேலை. பஸ்ஸை ஒரு கிராமத்து ரோட்டில் திருப்பிவிட்டார்கள்.

தை மாசத்தில் எங்கள் பக்கம் வந்திருக்கிறீர்களா? சம்பா அறுவடை. பாதி ரோட்டில் வண்டி போகும். மீதிப் பாதியில் நெல் காயும். ஓரத்தில் வரிசையாகக் கல்லை வைத்து, 'இது வரைதான் உனக்கு' என்று வண்டிக்கு எல்லை கட்டியிருப்பார்கள். அன்றைக்கும் வலது பாதி முழுக்க நெல். எதிரே ஓர் அறுவடை மிஷின் வந்தது. அதுவும் நெல்லைத் தொடாமல் எங்கள் பாதியில் ஏறி வந்தது. எங்கள் டிரைவர் அதற்கு வழி விட்டு இடது பக்கம் ஒதுங்கினார். ஓரத்து மண் வாய்க்கால் ஈரத்தில் ஊறிப்போயிருக்கிறது. சக்கரம் இறங்கிவிட்டது. மிஷின்காரர் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

"கொஞ்சம் வலது பக்கம் ஒடிச்சிருக்கலாமேப்பா?" என்றேன் டிரைவரிடம்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நெல்லு மேல எப்படிம்மா ஏத்துறது?"

சமாதானம் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். நாற்பது பேரோடு பஸ்ஸை வாய்க்கால் கரையில் இறக்குவார், நெல் மேல் சக்கரத்தை ஏற்ற மாட்டார். இந்தத் தப்பை எங்கள் ஊர் டிரைவர்தான் செய்ய முடியும்.

எல்லோரும் இறங்கினோம். இறங்கியவுடன் என்ன செய்வோம்? சண்டைதான். நெல்லுக்குச் சொந்தக்காரர் அங்கேயே நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையில் துண்டு. கையில் நெல் தள்ளுகிற பலகை. கொஞ்சம் தள்ளி அவர் மனைவி, நைட்டிக்கு மேல் ஒரு பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, காலால் நெல்லைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்.

ஆளாளுக்குக் கத்தினார்கள். கண்டக்டர் கத்தினார். நர்சிங் காலேஜ் யூனிஃபார்மில் இருந்த இரண்டு பெண்கள் "எங்களுக்கு இன்னைக்கு டெஸ்ட்டு" என்று கத்தினார்கள். எல்லோரையும்விட அதிகமாகக் கத்தியது யார்? வேறு யார்!

"ரோடு என்ன உங்க வீட்டுக் களமா?"

அந்தப் பெண் தலையைத் தூக்காமலே பதில் சொன்னார். "களம் இருந்தா நாங்க ஏங்க ரோட்டுக்கு வர்றோம்?"

நான் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தேன். பாய் என் காதருகே மெதுவாக, "செருப்பும்மா… செருப்பு" என்றார். குனிந்து பார்த்தேன். கோபத்தில் நெல் மேல் ஏறி நின்றிருக்கிறேன் — செருப்போடு! பதறிப் பின்வாங்கிச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரோடு சண்டை போட்டுப் பாருங்கள். எவ்வளவு நியாயம் நம் பக்கம் இருந்தாலும் பார்க்கிறவர்கள் தப்பாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. கமலா.

"எங்கடி இருக்கே?"

"வந்துட்டே இருக்கேன்."

"வந்துட்டே இருக்கேன்னா எங்க? இங்க கலசம் எல்லாம் வெச்சாச்சு. எங்க தலையில தண்ணி ஊத்தப் போறாங்க. அடுத்தது தாலிதான். எஸ்தரு, எங்கடி இருக்கே?"

அவள் குரல் உடைந்தது. அறுபது வயதுக்காரரின் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தவள், சின்னப் பெண் மாதிரி அழ ஆரம்பித்தாள். எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாற்று பஸ் எப்போது வரும் என்றேன் கண்டக்டரிடம். "மாயவரத்துலேருந்து வரணும்மா. ஒரு மணி நேரம் ஆவும்." ஆட்டோ? அந்த ரோட்டில் ஆடு கூட இல்லை.

"என்ன விசேஷம்க்கா?" என்று ஒரு குரல். பலகையோடு நின்றிருந்த நெல்காரர்.

சொன்னேன். தாலி, கமலா, பதினொன்றரை, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். அவர் பலகையைக் கீழே வைத்தார். மரத்தடியில் நின்ற பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏறுங்க. நம்ம நெல்லாலதானே வண்டி மாட்டுச்சு."

அவர் மனைவி கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மேகம் ஏறுதுங்க" என்றார் புருஷனிடம். "நாளைக்கு நம்ம முறை."

"தெரியும். போனதும் வந்துடுறேன்."

"நான் ஒத்த ஆளா எப்படி அள்ளுறது?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். சற்று முன் அவரைப் பார்த்துக் கத்திய என்னை. என் கைப்பையைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு.

"சரி, போயிட்டு வாங்க. தாலி விஷயம்."

ஏறிக்கொண்டேன். பட்டுப்புடவை, ஒரு கையில் பை, ஒரு கையில் செருப்பு. வாசகர்களே, அந்தக் காட்சியை நீங்கள் கற்பனை செய்ய வேண்டாம்.

பைக் பறந்தது. என் வாய் சும்மா இருக்குமா? "நாளைக்கு என்ன முறை?" என்று கேட்டேன். கொள்முதல் நிலையத்தில் அவர் நெல்லை எடை போடும் முறையாம். ரொம்ப நாளாகக் காத்திருக்கிறார். ஈரம் இருக்கிறதா என்று மிஷின் வைத்துப் பார்த்துத்தான் எடுப்பார்களாம். ஈரமாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்த முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் நனைந்த நெல் முளைவிட்டுவிடும்.

"ஒரு வருஷப் பாடுக்கா" என்றார். புலம்பலாகச் சொல்லவில்லை, நான் கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னார்.

பாதி தூரம் போயிருப்போம். முகத்தில் முதல் துளி விழுந்தது.

"திரும்பிடுங்க தம்பி. நான் இறங்கி நடந்துக்கிறேன். வேற வண்டி ஏதாவது வரும்."

"இப்பத் திரும்பினா உங்க காரியமும் கெடும், என் நெல்லும் நனையும். ரெண்டும் எதுக்குக் கெடணும்? மழ கடல்லேருந்து வருது. நம்மளத் தாண்டித்தான் ஊருக்குப் போவணும். முந்திடுவேன்… நீங்க புடிச்சுக்குங்க."

அதாவது மழையை நோக்கிப் போய், என்னை இறக்கிவிட்டு, அதே மழைக்கு முன்னால் ஓடித் திரும்ப வேண்டும். நான் பிடித்துக்கொண்டேன். முந்திடுவேன் என்று அவர் சொன்னதையும் சேர்த்துத்தான்.

கோயில் வாசலில் இறக்கிவிட்டார். கால் தரையில் படுவதற்குள் பைக்கைத் திருப்பிவிட்டார். "உங்க பேரு என்ன?" என்று கத்தினேன். அவர் கையைத் தூக்கி ஆட்டினார். 'போங்க போங்க' என்றுதான் அர்த்தம். அதற்குள் மழை தடதடவென்று பிடித்துக்கொண்டது.

உள்ளே ஓடினேன். திருக்கடையூரில் முகூர்த்த நாளில் ஆளைத் தேடுவது எப்படி என்று போனவர்களுக்குத் தெரியும். எங்கே பார்த்தாலும் அறுபது, எழுபது, எண்பது. எல்லோர் கழுத்திலும் மாலை. எல்லோரும் தலையோடு நனைந்திருக்கிறார்கள். நனைந்த தலையோடு எல்லாச் சேகரும் ஒரே மாதிரிதான் இருப்பார். மூன்றாவது கூட்டத்தில்தான் கமலா அகப்பட்டாள். என்னைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு கையை மட்டும் நீட்டினாள்.

தாலியைத் தட்டில் வைத்து எல்லோரிடமும் காட்டினார்கள். ஆளுக்கொரு தடவை தொட்டுக் கும்பிட்டார்கள். என்னிடம் வந்தபோது நானும் தொட்டு மனசுக்குள் என் ஜெபத்தைச் சொன்னேன். மேளம் கொட்டியது. சேகர் மூன்று முடிச்சையும் போட்டார். கமலா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அழுதேன். சந்தோஷமாகத்தான் அழுதேன்.

வெளியே மழை கொட்டுகிறது. "பாத்தியா, கட்டின நேரம் மழ பெய்யுது. அபிராமியோட ஆசீர்வாதம்" என்றார் சேகரின் அக்கா. எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஆனால் அந்த நெல்காரர் மழையை முந்தியிருப்பாரா?

மண்டபத்தில் இலை போட்டார்கள். உட்கார்ந்தேன். எழுந்தேன். கை கழுவிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். சாம்பார் வந்தது. சாம்பாரில் நெல் மிதப்பது மாதிரி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் மழை மேற்கே போய்க்கொண்டிருந்தது. அவர் ஊர்ப் பக்கம்.

இந்தப் பத்தியில் எத்தனை பயணக் கதை சொல்லியிருக்கிறேன் உங்களுக்கு! பள்ளிக்கூடங்களுக்கு லேப் சாமான் விற்கும் கம்பெனியில் இருந்தவள் நான். கண்ணாடிக் குடுவைகளையும் பெட்டிக்குள் மடக்கிய பிளாஸ்டிக் எலும்புக்கூட்டையும் தூக்கிக்கொண்டு வேலைக் காலம் முழுக்க ஊர் ஊராகத் திரிந்தவள். வழி முழுக்க முன்பின் தெரியாதவர்கள் தாங்கித்தான் வந்திருக்கிறேன். கோடியக்கரைப் பக்கம் பஸ்ஸைத் தவறவிட்டு நின்றபோது உப்பு ஏற்றிய லாரிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டார். பெட்டியில் பீக்கர் இருக்கிறது என்று சொன்னேன். வழி பூராவும் குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி ஓட்டினார். ஒரு பீக்கர்கூட உடையவில்லை. இதை எழுதியபோது நீங்கள் எவ்வளவு பாராட்டினீர்கள்!

ஆனால் அந்த லாரிக்காரர்? அவ்வளவு மெதுவாக ஓட்டிக்கொண்டு எப்போது போய்ச் சேர்ந்தார்? உப்புக்குக் காத்திருந்தவர்கள் அவரை என்ன சொன்னார்கள்?

நாக்பூர் ஸ்டேஷனில் ஒரு போர்ட்டர். ரயில் நகர்ந்துவிட்டது. யாருடைய மூட்டையையோ கீழே வைத்துவிட்டு என் எலும்புக்கூட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஏற்றிவிட்டார். எனக்கு ரயில் கிடைத்தது. சரி. அந்த மூட்டைக்காரர் அவரை விட்டாரா?

திருவாரூரில் தேரோட்டத்தன்று ரோடெல்லாம் அடைத்துவிட்டார்கள். வெயிலில் கண் இருட்டிக்கொண்டு வந்து ஒரு வீட்டு வாசலில் சரிந்தேன். அந்த வீட்டம்மா உள்ளே கூட்டிப் போய்ச் சோறு போட்டார். ருசியாக இருந்தது என்று எழுதினேன். அது அவர் தனக்காக எடுத்து வைத்திருந்த சோறா? அன்றைக்கு அவர் சாப்பிட்டாரா?

தெரியாது. ஒன்றும் தெரியாது. இத்தனை வருஷமாக நான் எழுதியதெல்லாம் பாதிக் கதைதான். நான் வண்டியை விட்டு இறங்கியதும் 'நல்ல மனுஷன்' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறேன். அந்த நல்ல மனுஷனுக்கு அதற்குப் பிறகுதானே அன்றைய பொழுது இருக்கிறது? அடுப்பில் வைத்தது தீய்ந்திருக்கும். முதலாளி காத்திருப்பார். ரோட்டில் நெல் கிடக்கும். நாம் கையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

உப்பு லாரியை இனி எங்கே போய்த் தேடுவேன்? முடியாது. நெல் மட்டும் பக்கத்தில்தான் இருந்தது.

"என்னடி இலையில கோலம் போட்டுட்டு இருக்கே?" என்று கமலா மாலையும் கழுத்துமாக வந்து நின்றாள். சொன்னேன். பஸ் சாய்ந்தது, பைக், நாளைக்கு முறை, ஒத்த ஆளாக நின்ற அந்தப் பெண். கமலாவின் கை கழுத்துக்குப் போயிற்று. புதுத் தாலியைப் பிடித்துக்கொண்டாள்.

"இது வந்ததுக்கா அங்க நெல்லு நனையுது? அப்புறமும் நீ உக்காந்து சாம்பார் ஊத்திக்கிறியா?"

"சொல்லாம எப்படிப் போறது… பிறந்த வீடுன்னு என்னைத்தானே…"

"போடி!"

பாதி இலையில் எழுந்திருக்கக் கூடாது என்று சேகரின் அக்கா ஆரம்பித்தார். கமலா அவரைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். மறு நிமிஷம் அவள் சமையல்கட்டில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். பின்பக்கம் சமையல்காரர்கள் கட்டியிருந்த பெரிய தார்ப்பாய்தான் அவள் குறி. "அடுப்பு நனையும்மா" என்றார் தலைமைச் சமையல்காரர். "சோறுதான் ஆயிடுச்சே, அவுருங்க" என்றாள். மாலை போட்ட மணப்பெண் உத்தரவு போட்டால் யார் மறுக்க முடியும்? அவிழ்த்தார்கள். உறவுக்காரர்களைக் கூட்டிவந்த வேன் நின்றிருந்தது. தார்ப்பாயை உள்ளே எறிந்துவிட்டு ஏறினேன்.

வேன் டிரைவர் ஒரு விவரமான ஆள். வண்டி கிளம்பியதும் விசாரணையை ஆரம்பித்தார்.

"யாரு நெல்லும்மா?"

"தெரியாதுப்பா."

"பேரு?"

"தெரியாது."

"ஊரு?"

"தெரியாது. ஒரு பஸ் சாஞ்சு நிக்கும். அதான் அடையாளம்."

கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் கேள்வி கேட்கவில்லை. "கொஞ்சம் வேகமாப் போப்பா", "இந்த வைப்பர் இன்னும் வேகமா ஓடாதா" என்று நான்தான் அவரை அரித்துக்கொண்டே போனேன். வழியெல்லாம் ரோட்டோரத்தில் நனைந்த நெல். சில இடங்களில் மூடியிருந்தார்கள். சில இடங்களில் மூட ஆளில்லை. தண்ணீர் ஓடிய பக்கமெல்லாம் மஞ்சளாக நெல் ஒழுகிப்போயிருந்தது. ஒவ்வொன்றைத் தாண்டும்போதும் 'இது அவருடையது இல்லை' என்று சொல்லிக்கொண்டேன். யாரோ ஒருவருடையதுதானே? அதையும் நினைத்துக்கொண்டுதான் போனேன்.

பஸ் தெரிந்தது. அதே சாய்மானத்தோடு, அதே இடத்தில். மாற்று பஸ் இன்னும் வந்திருக்கவில்லை.

ரோட்டில் நெல் இல்லை.

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அடித்துக்கொண்டு போய்விட்டதா? வேன் நிற்பதற்குள் கதவைத் திறந்து குதித்தேன். பஸ்ஸுக்குப் பின்னால், ரோட்டின் மேடான பக்கத்தில், நீளமாக ஒரு குவியல். அதன் மேல் என்னென்னவோ கிடந்தன. ஒரு சின்னப் படுதா. உரச் சாக்குகள். யாருடைய போர்வையோ. நடுவில் பெரிதாக ஒரு ஃபிளெக்ஸ் பேனர். எந்தத் தலைவர் என்று சொல்ல மாட்டேன். குப்புறப் படுத்திருந்தார். அன்றைக்கு அவர் செய்த மக்கள் சேவைக்குச் சாட்சி நான்.

அந்தப் போர்வைக்கும் பேனருக்கும் ஓரங்களில் ஆட்கள். கண்டக்டர் ஒரு மூலையில் காலால் மிதித்துக்கொண்டு நின்றார். நர்சிங் பெண்கள் துப்பட்டாவைத் தலையில் கட்டிக்கொண்டு கல் பொறுக்கிவந்து பாரம் வைத்தார்கள். டெஸ்ட்டு போயே போச்சு. பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். தாடியெல்லாம் நெல்தூசி. பக்கத்தில் அவருடைய கூடை. கொய்யாப்பழம் இல்லை. கூடையாலேயே நெல்லை அள்ளியிருக்கிறார்.

"நீங்க போன கொஞ்ச நேரத்துல காத்து மாறிடுச்சும்மா" என்றார் பாய். "இந்தப் புள்ள ஒத்தையா தள்ளிக்கிட்டு நின்னுச்சு. டிரைவர்தான் முதல்ல நெல்லுல இறங்கினாரு. அவரு இறங்குனதும் எல்லாரும் இறங்கிட்டோம். செருப்பைக் கழட்டிட்டுத்தாம்மா."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நெல்காரர் என்னைக் கண்டதும் தலையில் இருந்த துண்டை எடுத்தார். பிழிந்தார். மறுபடி கட்டிக்கொண்டார்.

"மழ முந்திக்கிச்சுக்கா" என்றார். "நல்லா முந்திக்கிச்சு. போச்சுன்னுதான் வந்தேன். வந்து பாத்தா…"

கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் வாய்க்காலைப் பார்த்தார். காலையில் இதே இடத்தில் நாங்கள் எல்லோரும் அவரை என்னென்ன கேட்டோம்! இப்போது யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை.

குவியலின் அந்தப் பக்கத்திலிருந்து அவர் மனைவி எழுந்தார். மண்டியிட்டு ஓரத்து நெல்லைக் கையால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தார். நானும் வேகமாகப் போனேன். எனக்கு இருந்தது ஒரே கேள்வி.

"நெல்லு நனைஞ்சிடுச்சாம்மா?"

நான் கேட்ட அதே நேரத்தில் அவரும் கேட்டார்.

"தாலி ஏறிடுச்சாக்கா?"

இரண்டு பேரும் நின்றோம். இரண்டு பேருமே அடுத்தவர் பதிலுக்குக் காத்திருந்தோம். ஒரு வருஷப் பாட்டை மழைக்கு நடுவே கையால் அள்ளிக்கொண்டு இருந்த பெண், அவ்வளவு நேரமும் முகம் தெரியாத கமலாவின் கழுத்தையும் நினைத்துக்கொண்டா இருந்தார்?

"ஏறிடுச்சும்மா" என்றேன்.

அவர் சட்டைக்குள்ளிருந்து தன் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நெல்லு?"

"அடியில கொஞ்சம் ஈரம் ஏறியிருக்கு. அத ஒதுக்கிட்டா மிச்சம் எடுத்துக்குவாங்க. எடுத்துக்கணும்." வானத்தைப் பார்த்தார். மழை விடுகிற மாதிரி இல்லை. காற்று ஃபிளெக்ஸைத் தூக்கிப் படபடவென்று அடித்தது. தலைவர் எழுந்துகொள்ளப் பார்த்தார். அதற்குள் வேன் டிரைவரும் நெல்காரருமாகச் சமையல்கட்டுத் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். சாம்பார் வாசனையோடு அது குவியலின் மேல் விரிந்தது. மூன்று மூலைக்கு ஆள் இருந்தது.

எனக்குச் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. காலையில் கத்தியதற்கு, அவர் புருஷனை அனுப்பி வைத்ததற்கு, தாலியைக் கேட்டதற்கு… உப்பு லாரிக்காரரிடமும், போர்ட்டரிடமும், திருவாரூர் அம்மாவிடமும் சொல்லாமல் விட்டதையெல்லாம் சேர்த்து இவரிடமே சொல்லிவிடலாம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, உங்களுக்கு நான் எப்படி…"

அவர் கையை உருவிக்கொண்டார்.

"அதெல்லாம் அப்புறம்க்கா. காத்து தூக்குது பாருங்க… அந்த முனையப் புடிங்க!"

பிடித்தேன்.